டிட்கோ கால ஸ்பைடர்மேன்: அசல் இதழா, தொகுப்பா?

வணக்கம். 2024இல் ஜொனாதன் ஹிக்மன் எழுதத் தொடங்கிய ஸ்பைடர்மேன் காமிக்ஸ் வரிசையைப் படித்த கையோடு, ஸ்டீவ் டிட்கோ வரைந்த 1960களின் இதழ்களை அன்று வெளிவந்த அசல் பிரதிகளாக வாங்குவதா, பல இதழ்களைச் சேர்த்து மறுபதிப்பிட்ட தொகுப்பாக வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் தொகுப்பையே வாங்குங்கள். அசல் பிரதிகளின் விலை ஒருபுறமிருக்க, டிட்கோ வரைந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ வரிசையின் 33ஆம் இதழில், நீர் ஒழுகும் மறைவிடத்தில் பெரும் இரும்புப் பொறியின் அடியில் சிக்கிய பீட்டர் (அதுதான் ஸ்பைடர்மேனின் இயற்பெயர்), கட்டங்கள் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போக, இறுதியில் ஒரு முழுப் பக்கத்தை நிறைத்தபடி அதைத் தூக்கும் காட்சியை, தாள் கிழிந்துவிடுமோ என்ற அச்சமின்றித் திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டும். மனைவி மக்களோடு வாழும் ஹிக்மனின் பீட்டரும் எனக்கு மிகவும் பிடித்தவரே. ஆனாலும் அந்தச் சில பக்கங்களுக்கு ஈடாகச் சமீபத்தில் எதையும் நான் கண்டதில்லை. 31 முதல் 33 வரை ஒரே கதையாதலால், மூன்று இதழ்களும் அடங்கிய தொகுதிதானா என்று பார்த்து வாங்குங்கள்.