டெல்டாவில் சொந்த நிலத்தில் குதிரை லாயம் கட்ட அனுமதி வேண்டுமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மன்னார்குடிப் பக்கம் வயலும் அதை ஒட்டிக் கொஞ்சம் திடலும் (மேட்டு நிலம்) இருக்கிறது, இரண்டு குதிரைக்கு லாயம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம். ஆனால் திடலில் கட்டுங்கள், வயலில் வேண்டவே வேண்டாம். காகிதத்துக்கும் அதுதான் சுலபம், குதிரைக்கும் அதுதான் நல்லது.

முதலில் பட்டா, அடங்கல் (சாகுபடிக் கணக்கு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் எடுத்து, அந்த சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா, குடியிருப்புக்கான நத்தமா என்று பாருங்கள். நஞ்சை என்றால் நில உபயோக மாற்றத்துக்கு நகர் ஊரமைப்புத் துறை, கலெக்டர் ஆபீஸ் என்று அலைய வேண்டிவரும். பக்கத்தில் வாய்க்கால் ஓடினால் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். நம் வேலிக்குள்ளேயே வாய்க்கால் புறம்போக்கு கிடப்பது இங்கே சகஜம். அப்புறம் கட்டட அனுமதி. கொட்டகைதானே என்று விடாதீர்கள். அஸ்திவாரம், சுவர் என்று வந்துவிட்டால் ஊராட்சியில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். நாளைக்கு குதிரைச் சாண நாற்றம் என்று யாராவது மனு போட்டால் அந்தக் காகிதம்தான் பேசும். 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் எதையும் கட்டவிடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது எண்ணெய், எரிவாயுக் கிணறு, தோல் பதனிடும் ஆலை போன்ற தொழில்களைத் தடுக்கும் சட்டம். லாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி முக்கியமான விஷயம், ஈரம். கோடியக்கரையில் குதிரைகள் காட்டில் தாமாகவே திரிகின்றன, இங்கே ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பார்கள். அது மணல் பூமி. நம்முடையது களிமண், ஐப்பசி, கார்த்திகையில் ஊறிப்போய்க் கிடக்கும். குதிரையின் காலைத் தூக்கிப் பாருங்கள்: குளம்புக்கு அடியில் முக்கோணமாக ஒரு பகுதி ரப்பர் மாதிரி இருக்கும். ஈரத்திலும் மூத்திரத்திலும் நின்றுகொண்டே இருந்தால் அதன் ஓரப் பள்ளங்கள் கறுத்து, கசிந்து, மூக்கைப் பிடிக்கும் அளவுக்கு நாறும். முற்றினால் குதிரை நொண்டும். அதனால் தரையை நீங்கள் பார்த்த வெள்ள மட்டத்துக்கு மேலேயே ஏற்றுங்கள். மணல் நிரப்பி, செங்கல்லைக் குத்துக்கல்லாகப் பாவி, வெளியே உள்ள வடிகாலை நோக்கி லேசான வாட்டம் கொடுங்கள். வழவழப்பான சிமெண்ட் பூச்சு மட்டும் கூடாது, வழுக்கி விழுந்தால் கால் போய்விடும்.

ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி அறை, கதவு 4 அடி அகலம், 8 அடி உயரம். வாசலைத் தெற்கே வையுங்கள்; வடகிழக்குச் சாரல் உள்ளே வராது. வடக்குச் சுவரில் உயரத்தில் காற்றுத் துளை விட்டு மேலே தாழ்வாரம் இறக்குங்கள். கூரை ஷீட் என்றால் போல்ட் போட்டு இறுக்குங்கள். 2018 கஜா புயலில் ஷீட்டுகள் பறந்ததும் தென்னைகள் சாய்ந்ததும் உங்களுக்கே தெரியும், தென்னைக்கு அடியில் லாயம் வேண்டாம். வைக்கோலைத் தனியாக, பலகை மேல் அடுக்குங்கள். பூஞ்சை பிடித்ததைத் தின்றால் வயிற்றுவலி வந்து குதிரை செத்தே போகலாம். எருக்குழி, கிணற்றுக்கும் லாயத்துக்கும் தள்ளியே இருக்கட்டும்; கடிக்கும் ஈ அங்கே பெருகும், ஈக்கடியில் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் பரவும்.

சம்பா அறுவடை முடிந்ததும் வேலையைத் தொடங்குங்கள். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு பள்ளம் தோண்டினால் ஊற்றெடுக்கும். அதற்குள் அஸ்திவாரம் மேலே வந்துவிட வேண்டும்.