மச்சான் பிட்காயின் வாங்கிட்டாரு, என் எஃப்டி காச நானும் அதுல போடலாமா சார்?

கேள்வி: வணக்கம் சார். வயசு 38, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், பிடித்தம் போக கைக்கு 52,000 வருது. பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. அடுத்த மாசம் 6 லட்ச ரூபாய் எஃப்டி ஒண்ணு மெச்சூர் ஆகுது. மொபைல் கடை வச்சிருக்கிற என் மச்சான் 2023ல 80,000 ரூபாய்க்கு பிட்காயின் வாங்கினாரு, இப்ப மூணு மடங்கு ஆகிருச்சுன்னு வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆப்ப திறந்து காட்டுறாரு. எஃப்டி காசுல 3 லட்சத்த நானும் கிரிப்டோவுல போடலாமா? சட்டப்படி இது சரியா, வரி எவ்ளோ வரும்? அப்புறம் ஒரு டெலிகிராம் குரூப்ல யூஎஸ்டிடி (ஒரு காயின் ஒரு டாலர் மதிப்புன்னு சொல்ற கிரிப்டோ) ஸ்டேக்கிங்னு, அதாவது காயின பூட்டி வச்சா வட்டி மாதிரி வரும்னு சொன்னாங்க, ஒருத்தரோட யூபிஐ ஐடிக்கு 25,000 அனுப்பினேன், அவங்களே யூஎஸ்டிடியா மாத்தி ஆப்ல ஏத்திட்டாங்க. தினமும் 1.2 சதவீதம், 40 நாள்ல 40,287 ரூபாய் காட்டுது. பேரு போட வேண்டாம் சார், வீட்ல இன்னும் சொல்லல.

பதில்: தம்பி, நீங்க கேட்ட வரிசைல நான் பதில் சொல்லப் போறதில்ல, ஏன்னா கடைசில போற போக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போனீங்க பாருங்க, அந்த டெலிகிராம் சமாச்சாரம், தீப்பிடிச்சிருக்கிற இடம் அதுதான்.

அந்த 40,287ங்கிற நம்பர எடுத்துக்குவோம். 25,000த்த 1.012ஆல 40 தடவ பெருக்கிப் பார்த்தேன், 40,286 ரூபாய் 59 காசு வருது, அதாவது உங்க ஆப் காட்டுற அதே நம்பர். 40 நாளா ஒரு நாள் கூட இறங்காம, ஒரு பைசா முன்ன பின்ன இல்லாம ஏறியிருக்கு. கிரிப்டோவுல ஒரே ராத்திரில பத்து சதவீதம் விழுறதெல்லாம் சகஜம், அப்படிப்பட்ட எடத்துல இவ்ளோ ஒழுங்கா ஏறுதுன்னா அங்க எந்த காயினும் இல்ல, யாரோ ஒருத்தன் எக்செல் ஷீட்ல ஃபார்முலா போட்டு வச்சிருக்கான்னு அர்த்தம். இதே கணக்க ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்க, 77 மடங்கு ஆகி உங்க 25,000 வந்து 19 லட்சத்த தாண்டிரும், இந்த வித்த தெரிஞ்சவன் உங்ககிட்ட வந்து எதுக்கு 25,000 கேக்கணும், அவன் வீட்டு நகைய அடகு வச்சு அவனே போட்டுக்க மாட்டானா?

அப்புறம் காசு போனது எங்க? கம்பெனி அக்கவுண்டுக்கு கூட இல்ல, முகம் தெரியாத ஒருத்தரோட யூபிஐ ஐடிக்கு. யூஎஸ்டிடின்னு ஒண்ண அவங்க உண்மையிலேயே வாங்கினாங்களான்னு நீங்க பார்க்கவே இல்ல.

இன்னைக்கே ஒரு வேல பண்ணுங்க, முழுத் தொகையையும் வித்ட்ரா போடுங்க. ரெண்டாயிரம் மூவாயிரம் போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, சின்ன தொகைய விட்டுருவாங்க, அது தூண்டில்ல மாட்டுற புழு, அத நம்பித்தான் நிறைய பேரு அடுத்து லட்சக்கணக்குல போடுறாங்க. முழுசா கேட்டீங்கன்னா, 30 சதவீதம் டேக்ஸ் முதல்ல கட்டுங்க, வெரிஃபிகேஷன் டெபாசிட் கட்டுங்க, அக்கவுண்ட் லாக் ஆகிருச்சு திறக்க ஃபீஸ் கட்டுங்கன்னு ஏதாவது ஒண்ணு வரும். இந்த நாட்டுல வருமான வரிய டெலிகிராம் அட்மினுக்கு யாரும் கட்டுறதில்ல தம்பி. அந்த மெசேஜ் வந்த உடனே 1930க்கு போன் பண்ணுங்க, இல்லன்னா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார் பதியுங்க. 40 நாள் ஆனதால காசு திரும்ப கிடைக்கிற வாய்ப்பு கம்மிதான், அத மறைக்க விரும்பல, ஆனா புகார் பதிவு பண்ணி வச்சிருங்க. அதுக்கப்புறம் போன காச மீட்டுத் தர்றோம்னு இன்னொரு கோஷ்டி வரும் பாருங்க, அதுவும் அதே ஆளுங்கதான்.

நடுராத்திரி ஹாய்னு மெசேஜ் போட்டு நம்மள குரூப்ல சேர்க்கிறவங்கள்ல கொஞ்ச பேரு நம்ம ஊர் பசங்கதான், இது நிறைய பேருக்குத் தெரியாது. தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி மியான்மர் மியாவாடி பக்கத்துலயும் கம்போடியாவுலயும் அடைச்சு வச்சு இந்த வேலைய செய்ய வைக்கிறாங்க, 2022ல அங்க இருந்து தமிழ்நாட்டு பசங்கள மீட்டு சென்னைக்கு கூட்டிட்டு வந்தாங்க. அந்த கும்பல் எல்லாத்துக்கும் காசு வாங்குற சாதனம் பெரும்பாலும் இந்த யூஎஸ்டிடிதான், ஏன்னா ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு நிமிஷத்துல போயிரும், எந்த பேங்க் மேனேஜரும் எதுக்குன்னு கேக்க மாட்டாரு.

சரி, மச்சான் விஷயத்துக்கு வருவோம். அவர் வச்சிருக்கிறது வேற, அது உண்மையான பிட்காயின், மூணு மடங்குங்கிறதும் பொய்யா இருக்காது. ஆனா அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: மச்சான், இதுல இருந்து ஒரு 20,000 ரூபாயாவது வித்து உங்க பேங்க் பாஸ்புக்குல ஏத்தியிருக்கீங்களா? கிரிப்டோன்னாலே எல்லாரும் எவ்ளோ ஏறிச்சுன்னுதான் பேசுறாங்க, காசு எந்த வழியா வீட்டுக்கு வரும்னு கேக்குறவங்க கம்மி. எனக்கு இதுமேல இருக்கிற சந்தேகமெல்லாம் அங்கதான்.

முதல்ல வரி. 2022 பட்ஜெட்ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், மேல செஸ் சேர்த்தா 31.2. மச்சான் 80,000 போட்டு இன்னைக்கு 2,40,000க்கு விக்கிறாருன்னு வச்சுக்குவோம், லாபம் 1,60,000, வரி 49,920. விக்கும்போதே 1 சதவீதம் டிடிஎஸ் 2,400 பிடிச்சிருவாங்க, அது இந்த வரிலயே கழிஞ்சுக்கும். இதுவும் நல்ல லாபம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நஷ்டம் வந்தா கதையே வேற. பிட்காயின்ல 1 லட்சம் லாபம், அதே வருஷம் வேற ஏதோ ஒரு காயின்ல 1 லட்சம் நஷ்டம்னா கூட்டிக் கழிச்சு உங்க கைல மிச்சம் சைபர், ஆனா கவர்மெண்டுக்கு 31,200 கட்டணும். நஷ்டத்த எதுலயும் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டு போக முடியாது. ஷேர்லயும் ஷேர்ல போடுற மியூச்சுவல் ஃபண்டுலயும் நஷ்டத்த எட்டு வருஷம் வரைக்கும் தூக்கிட்டுப் போகலாம், ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்தா லாபத்துல முதல் 1.25 லட்சத்துக்கு வரியே கிடையாது, அதுக்கு மேல 12.5 சதவீதம்தான். ரெண்டுமே ரிஸ்க் உள்ளதுதானேன்னு மச்சான் சொல்லுவாரு, சரிதான், ஆனா ஒண்ணுல விழுந்தா சட்டம் கை குடுக்குது, இன்னொண்ணுல விழுந்தவன் மேல ஏறி நிக்குது.

சட்டப்படி சரியான்னு கேட்டீங்க. தடை இல்ல, வாங்கலாம் விக்கலாம், ஆனா இது செலாவணியும் இல்ல. 2018ல ரிசர்வ் பேங்க் இந்த வியாபாரத்துக்கு எந்த பேங்கும் துணை போகக்கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டுச்சு, 2020 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிருச்சு, 2022ல வரி போட்டாங்க, 2023 மார்ச்ல கிரிப்டோ வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்ச் எல்லாத்தையும் பணமோசடி தடுப்புச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. வரி போட்டதாலயே அங்கீகாரம் குடுத்ததா ஆகாதுன்னு வரி போட்டப்பவே கவர்மெண்ட் சொல்லிருச்சு. எங்க எக்ஸ்சேஞ்ச் எஃப்ஐயூல (கவர்மெண்டோட நிதி உளவுப் பிரிவு) ரிஜிஸ்டர் ஆனதுன்னு விளம்பரத்துல போடுவாங்க, அதுக்கு என்ன அர்த்தம்னா சந்தேகமான வரவு செலவ கவர்மெண்டுக்கு ரிப்போர்ட் பண்ணுவாங்கன்னு அர்த்தம். உங்க காசுக்கு அது கேரண்டி கிடையாது. பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, ஷேர்னா செபி இருக்கு, இங்க எக்ஸ்சேஞ்ச் கவுந்தா நீங்களும் வக்கீலும்தான்.

சும்மா பயமுறுத்த சொல்லல, நடந்தது. 2024 ஜூலை 18ஆம் தேதி வாசிர்எக்ஸ்ங்கிற நம்ம நாட்டு எக்ஸ்சேஞ்ச்ல இருந்து சுமார் 23 கோடி டாலர், நம்ம காசுல 1,900 கோடிக்கு மேல, திருடு போச்சு. வட கொரியா ஹேக்கர்ங்க வேலன்னு அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூணு நாடும் அப்புறம் அறிவிச்சாங்க. திருடு போன அன்னைக்கே வித்ட்ராவல் நின்னுருச்சு, தாய்க் கம்பெனி சிங்கப்பூர்ல இருக்கிறதால அந்த ஊர் கோர்ட்டுல திட்டம் போட்டு ஒப்புதல் வாங்கி மறுபடி திறக்க 2025 அக்டோபர் ஆச்சு. இதுல நம்ம சென்னைக்காரங்க ஒருத்தங்க சுமார் 2 லட்சத்துக்கு எக்ஸ்ஆர்பி காயின் வாங்கி வச்சிருந்தாங்க. ஹேக் ஆனது வேற வகை காயின், அவங்களோடத யாரும் தொடவே இல்ல, ஆனாலும் நஷ்டத்த எல்லாரும் பங்கு போட்டுக்கணும்னு சொல்லி அவங்க அக்கவுண்டையும் பூட்டி வச்சாங்க. அந்தம்மா மெட்ராஸ் ஹைகோர்ட் போனாங்க, கிரிப்டோவும் ஒரு சொத்துதான்னு 2025 அக்டோபர்ல நீதிபதி சொல்லி அவங்களுக்கு பாதுகாப்பு குடுத்தாரு. நல்ல தீர்ப்பு, சந்தோஷம்தான். ஆனா நீங்க ஷிஃப்ட் முடிச்சு பையர் மெயிலுக்கு பதில் போடுற ஆளு, 2 லட்சத்துக்காக ஹைகோர்ட் படி ஏற உங்களால முடியுமான்னு யோசிங்க. உலகத்துலயே பெரிய எக்ஸ்சேஞ்சுகள்ல ஒண்ணான பைபிட்ல இருந்தே 2025 பிப்ரவரில 150 கோடி டாலர் ஒரே நாள்ல போச்சு.

இன்னொரு வழி அடைபடுறது நம்ம பேங்க்லயே. என்கிட்ட வர்ற ஒருத்தர், ஈரோட்டுக்காரர், யூஎஸ்டிடிய பீ2பீல, அதாவது ஆளுக்கு ஆள் நேரடியா, ஒருத்தருக்கு வித்தாரு, 38,000 ரூபாய் அவரோட சம்பள அக்கவுண்டுக்கு வந்துச்சு. பத்து நாள் கழிச்சு ஏடிஎம்ல காசு வரல, பேங்க்ல போயி கேட்டா வடக்க ஏதோ ஒரு மாநிலத்து சைபர் போலீஸ் அக்கவுண்ட முடக்கச் சொல்லி லெட்டர் அனுப்பியிருக்காங்க, ஏன்னா வாங்கினவன் அனுப்பின அந்த 38,000 வேற யாரையோ ஏமாத்தி எடுத்த காசு. இவரு ஒரு தப்பும் பண்ணல, ஆனா பையன் ஸ்கூல் ஃபீஸ் செக் பவுன்ஸ் ஆகி, வீட்டு லோன் இஎம்ஐ நின்னு, அந்த ஊர் போலீஸுக்கு இந்தில லெட்டர் எழுதித் தர ஆள் தேடி, மூணு மாசம் அலைஞ்சாரு. உங்க மச்சானும் மொபைல் கடை அக்கவுண்ட இதுக்கு யூஸ் பண்றாருன்னா முதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க.

இவ்ளோ தொல்லைக்கும் நடுவுல தினசரி வாழ்க்கைக்கு ஏதாவது உதவுதான்னு பார்த்தா, எனக்குத் தெரிஞ்சு திருப்பூர்ல பிட்காயின் வாங்குற ஒரு டீக்கடை இல்ல. பிட்காயின் நெட்வொர்க் ஒரு செகண்டுக்கு ஏழு பரிவர்த்தனைதான் தாங்கும். நம்ம யூபிஐல 2025 ஆகஸ்ட்ல மட்டும் 2,000 கோடிக்கு மேல பரிவர்த்தனை, செகண்டுக்கு கணக்கு போட்டா ஏழாயிரத்த தாண்டுது, இளநீர் கடைக்காரர் வரைக்கும் க்யூஆர் அட்டைய தொங்க விட்டுட்டாரு. எல் சால்வடார்னு ஒரு நாடு 2021ல பிட்காயின அதிகாரப்பூர்வ பணமாவே அறிவிச்சுச்சு, கடைக்காரங்க வாங்கியே ஆகணும்னு சட்டம் போட்டாங்க, ஜனங்க பெருசா சீண்டல, கடைசில ஐஎம்எஃப் கடனுக்காக 2025 ஜனவரில அந்த கட்டாயத்த எடுத்துட்டாங்க. சொந்த ஊர் காசு மாசத்துக்கு மாசம் மதிப்பு இழக்குற நாடுகள்ல யூஎஸ்டிடி மாதிரி டாலர் காயின் வச்சிருக்கிறவனுக்கு ஒரு நியாயம் இருக்கு, அத நான் ஒத்துக்கிறேன். நமக்கு அந்த நிலம இல்ல. யாரும் செலவு பண்றதுக்காக வாங்காத ஒரு பொருளோட விலை, நாளைக்கு இன்னொருத்தன் கூட குடுப்பான்னு நம்புற வரைக்கும்தான் நிக்கும். 2021 நவம்பர்ல 69,000 டாலர் வரைக்கும் போன பிட்காயின் ஒரே வருஷத்துல 16,000த்துக்கும் கீழ வந்துச்சு, அப்புறம் 2025 அக்டோபர்ல 1,26,000. அந்த 16,000 வந்தப்ப உங்க பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுற மாசமா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

ஏன்னா உங்க 6 லட்சத்துக்கு வேல ஏற்கனவே இருக்கு. பொண்ணு காலேஜ் போக இன்னும் நாலே வருஷம். கம்பெனில ஆர்டர் கொறைஞ்சா மெர்ச்சண்டைசர் சம்பளம் என்ன ஆகும்னு என்னவிட உங்களுக்கு நல்லாத் தெரியும், அதனால ஆறு மாசத்து வீட்டுச் செலவு, ஒரு 2 லட்சம் இல்ல 2.5 லட்சம், அது எப்ப வேணா எடுக்கிற மாதிரி எஃப்டிலயே கெடக்கட்டும். மிச்சத்த காலேஜ் காசுன்னு பேரு எழுதி இன்னொரு பேங்க்ல போடுங்க, ஒரே பேங்க்ல 6 லட்சம் வச்சா 5 லட்சத்துக்கு மேல இருக்கிறதுக்கு இன்சூரன்ஸ் கவர் கிடையாது. சுகன்யா கணக்கு இனிமே ஆரம்பிக்க முடியாது, பத்து வயசு தாண்டிருச்சு, அது போனது போனதுதான். புதுசா ஏறணும்னு ஆச இருந்தா மாசச் சம்பளத்துல இருந்து ஒரு 4,000, 5,000 இண்டெக்ஸ் ஃபண்ட்ல (பெரிய கம்பெனி ஷேருங்கள்ல பிரிச்சுப் போடுற ஃபண்ட்) எஸ்ஐபியா மாசாமாசம் போடுங்க, ஆனா காலேஜ் காச அதுல கலக்காதீங்க.

அதுக்கப்புறமும் கை அரிக்குதுன்னா பத்தாயிரம் ரூபாய்க்கு பிட்காயின் வாங்கிக்கோங்க, நான் வந்து கையப் பிடிக்க மாட்டேன். எஃப்ஐயூல பதிஞ்ச எக்ஸ்சேஞ்ச்ல, உங்க பேர்ல, உங்க பேங்க்ல இருந்து வாங்குங்க, பீ2பீ பக்கமே போகாதீங்க, வருமான வரி கணக்குல (ஐடிஆர்) கிரிப்டோவுக்குன்னு இருக்கிற விடிஏ ஷெட்யூல்ல மறக்காம காட்டுங்க. அந்த காச மொய் எழுதினதா நினைச்சுக்கோங்கன்னு சொல்லலாம்னு பார்த்தேன், ஆனா மொய்யாவது நம்ம வீட்டு விசேஷத்துல திரும்பி வரும்.

வீட்ல சொல்லலன்னு எழுதியிருந்தீங்க, இன்னைக்கு ராத்திரியே சொல்லிருங்க, 25,000தான், இதுவே 3 லட்சம் ஆனதுக்கப்புறம் சொல்றது ரொம்ப கஷ்டம். அப்புறம் ஒண்ணு, அந்த டெலிகிராம் ஆளுங்ககிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி குரூப், அட்மின் ஐடி, ஆப்ல பேலன்ஸ் காட்டுற பக்கம், காசு அனுப்பின யூபிஐ ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, நீங்க குரல உசத்தின அடுத்த நிமிஷம் மொத்த சாட்டையும் அழிச்சுட்டுப் போயிருவானுங்க, 1930ல முதல்ல கேக்குறதே அந்த ரெஃபரன்ஸ் நம்பரத்தான்.