மகளுக்கு டென்னிஸ் ஸ்காலர்ஷிப்: கான்ஃபரன்ஸ் பெயரை மட்டும் பார்த்துச் சரி சொல்லாதீர்கள்

அம்மா, கலிபோர்னியாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து உங்கள் மகளுக்கு டென்னிஸ் ஸ்காலர்ஷிப் ஆஃபர் வந்ததில் எனக்கும் ரொம்ப சந்தோஷம். "ஏசிசி பெரிய கான்ஃபரன்ஸ்தானே, யோசிக்காமல் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் போட்டி நடத்திக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. ஏசிசி என்றாலே அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், அதாவது அமெரிக்காவின் கிழக்குக் கரை. மேற்குக் கோடியில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024-ல் அதில் சேர்ந்ததற்கு டென்னிஸ் காரணமே இல்லை, எல்லாம் ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்) டிவி ஒப்பந்தப் பணம். அதற்கு முன் அவை இரண்டும் பேக்-12 என்ற மேற்குக் கரை கான்ஃபரன்ஸில் இருந்தன. 2022 ஜூன் மாதக் கடைசியில் அதிலிருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன, அடுத்த வருஷம் கொலராடோ பல்கலைக்கழகமும் விலகுவதாகச் சொன்னது, பிறகு ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் இன்னும் ஐந்து பல்கலைக்கழகங்கள் விலகுவதாக அறிவிக்க, 1915-லிருந்து வேர்விட்டிருந்த பேக்-12-ல் கடைசியில் இரண்டே இரண்டுதான் மிஞ்சின. அந்த அணிகளில் இருந்த பிள்ளைகளை யாரும் கேட்டு முடிவெடுக்கவில்லை. உங்கள் மகள் படிக்கும் நாலு வருஷத்திலும் இப்படி நடக்கலாம்.

இதில் அவளுக்கு நேரடியாக என்ன பாதிப்பு என்றால் பயணம்தான். டென்னிஸின் முக்கிய சீசன் ஜனவரியிலிருந்து மே வரை, அதாவது செமஸ்டர் நடுவில். ஏசிசி அணிகள் சில இருக்கும் வட கரோலினா வரை போய் ஆட வேண்டுமானால் ஐந்து மணி நேர விமானம், மூன்று மணி நேர வித்தியாசம், திரும்பி வந்த மறுநாள் காலை லேப் இருக்கும். உள்ளூர்ப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பு எடுத்துச் சமாளிப்பார்கள், ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும். இதை ஏஜென்ட்டுகள் பலர் சொல்வதே இல்லை, எனக்கு அதுதான் ஆற்றாமை. அவள் இன்ஜினியரிங் எடுக்கப்போகிறாள் என்பதால் கோச்சிடம் போன வருஷத்து ஆட்ட அட்டவணையைக் கேட்டு வாங்கி, எத்தனை வகுப்பு நாட்கள் போகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதே அணியில் இன்ஜினியரிங் படிக்கும் பெண் யாராவது இருந்தால் மகளை அவளோடு பேசச் சொல்லுங்கள்.

அப்புறம் பணம். 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், 2025-26 கல்வியாண்டுக்கு அதன் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர், அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. அந்த நெருக்கடியில் டென்னிஸ் அணியையே மூடிய கல்லூரிகள் உண்டு. வீரர்களுக்கு இப்படிப் பணம் கொடுக்கும் திட்டத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் டென்னிஸ் அணிக்கு 10 பேர்தான் உச்சவரம்பு. விளம்பர வருமானம் வரும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள், மாணவர் விசாவில் அது பெரிய சிக்கல்.

ஸ்காலர்ஷிப் எத்தனை வருஷத்துக்கு, காயம் பட்டால் தொடருமா, அணியை மூடினால் படிப்புச் செலவு யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் கோச் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது, எழுத்தில் வாங்குங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடும் முன் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.