ஊடுபயிர்

அன்புள்ள ஐயா,

தென்மேற்கு பிரான்சில், தொர்தோஞ்சில் இருக்கும் உங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதும் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். நானும் கணவரும் துலூஸில் விமானத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர்கள். வந்து பதினான்கு வருடமாகிறது, குடியுரிமையும் கிடைத்துவிட்டது. மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள். உங்கள் தொர்தோஞ்சிலேயே (பழைய பெயர் பெரிகோர்) ஒரு பழைய கல்வீடு பார்த்து வைத்திருக்கிறோம். விலை மூன்று லட்சம் யூரோ, அதில் இரண்டு லட்சம் கடன். மூன்று அறைகளை ஷாம்ப்ர் தோத் (காலை உணவோடு விருந்தாளிக்கு வாடகைக்கு விடும் அறை) ஆக்கி மே முதல் செப்டம்பர் வரை நடத்துவது, மீதி மாதங்களில் நான் எழுதுவது என்று திட்டம். வேலையை உடனே விடமுடியாது. வார இறுதியில் நாங்கள் போவோம், மற்ற நாட்களில் ஊரிலேயே ஒரு பெண்மணி பார்த்துக்கொள்வார். காலையில் தோசை, இட்லி கொடுத்தால் தனித்துத் தெரியும் என்று தோன்றுகிறது. என் கணக்கை இணைத்திருக்கிறேன். நீங்கள் ஒன்பது வருடம் நடத்திவிட்டு ஏன் நிறுத்தினீர்கள்? ஒருநாள் நேரில் வந்து வீட்டைப் பார்க்கலாமா?

ர.,
துலூஸ்

அன்புள்ள ர.,

கடிதத்தோடு எக்செல் தாள் இணைத்து அனுப்பிய முதல் வாசகர் நீங்கள்தான். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. தலைப்புதான் தப்பு. நீங்கள் திட்டமிட்டிருப்பதன் பெயர் ஷாம்ப்ர் தோத் இல்லை.

இதில் பிரெஞ்சுச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஷாம்ப்ர் தோத் என்பது வீட்டுக்காரர் தான் குடியிருக்கும் வீட்டில் விருந்தாளிக்கு விடும் அறை. அதிகபட்சம் 5 அறைகள், ஒரே நேரத்தில் 15 பேர். காலை உணவும் விரிப்பும் துண்டும் வாடகைக்குள் அடக்கம். வருகிறவரை வீட்டுக்காரர்தான் வரவேற்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவு திரும்பிவிடுவீர்கள், நடுவில் இன்னொருவர் சாவி கொடுப்பார் என்றால் அதற்குப் பெயர் ஜீத். வீட்டை மொத்தமாக, பெரும்பாலும் சனி முதல் சனி வரை, வாரக்கணக்கில் விடுவது. அதற்கு நீங்கள் அங்கே இருக்கவே வேண்டாம், தோசையும் சுட வேண்டாம்.

எதுவானாலும் மேரியில் பதிவு செய்துகொள்ளுங்கள். (புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: நகராட்சி அலுவலகம்.) வரியிலும் இரண்டும் வேறு வேறு. 2024 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகு, எளிய கணக்கு முறையில் ஷாம்ப்ர் தோத் வரவில் பாதியைச் செலவாகக் கழித்துக்கொள்கிறார்கள். தரச்சான்று வாங்காத ஜீத்துக்கு 30 சதவீதம்தான் கழிவு. உங்கள் தாளில் 71 சதவீதம் என்று இருக்கிறது. அது பழைய கதை.

சரி, என் கணக்கைச் சொல்கிறேன். நான் புதுச்சேரி சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) வீட்டுப் பிள்ளை. பாரிஸில் வேலை பார்த்துக் களைத்து, கடைசியில் தொர்தோஞ்சில் மனைவியின் ஊரில் வந்து ஒதுங்கியவன். வீடு மாமியார் விட்டுப்போனது. வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் தம்பி கிண்டல் செய்வான், உண்மைதான். மனைவி கொலேஜில், அதாவது நடுநிலைப் பள்ளியில், ஆசிரியை. 2013 முதல் 2021 வரை ஒன்பது கோடை நடத்தினோம். மே நடுவில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடுவோம், ஏறக்குறைய 120 இரவுகள். மூன்று அறைகள் என்றால் விற்கக்கூடியது 360. நன்றாகப் போன ஒரு வருடத்தில் நாங்கள் விற்றது 190. ஜூலை கடைசியும் ஆகஸ்ட் முதல் மூன்று வாரமும் நிரம்பி வழியும். ஜூனில் பாதிதான். மே மாதத்தில் விடுமுறையும் வார இறுதியும் ஒட்டி வருகிற நாட்களில் மட்டும் கூட்டம் வரும். உங்கள் தாளில் எல்லா மாதத்துக்கும் 80 சதவீதம் போட்டிருக்கிறீர்கள்.

இரவுக்கு இரண்டு பேருக்கு 90 யூரோ, ஆக 17,100. பாதிக்கு மேல் முன்பதிவுத் தளங்கள் வழியாக வந்ததால் தரகுப் பணம் 1,700 போனது. காலை உணவுக்கு ஆளுக்கு 6 யூரோ, அது 2,300. சமூகப் பாதுகாப்புக் கட்டணம் வரவில் 12 சதவீதத்துக்குச் சற்று மேல். மின்சாரம், தண்ணீர், காப்பீடு, சலவை இயந்திரம், உடைந்தது கிழிந்தது எல்லாம் சேர்ந்து 4,500. கையில் நின்றது ஆறாயிரத்துச் சொச்சம், அதுவும் வருமான வரிக்கு முன்னால். நீங்கள் இரண்டு லட்சத்தை 20 வருடக் கடனாக வாங்கினால் இப்போதைய வட்டியில் வருடத்துக்குப் பதின்மூன்று, பதினான்காயிரம் கட்ட வேண்டியிருக்கும்.

நான் நஷ்டக் கதை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு அந்த ஆறாயிரம் பெரிய உதவி. மாமியார் காலத்து ஓட்டுக்கூரையை மாற்றியது அதில்தான். ஆனால் வீட்டுக்குக் கடன் இல்லை, மாதம் பிறந்தால் மனைவிக்குச் சம்பளம் வந்தது. அவளுக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை என்பதால் இரண்டு பேர் உழைப்பும் சரியான நேரத்தில் கிடைத்தது. எங்கள் அப்பாவழித் தாத்தா புதுச்சேரிப் பக்கம் பாகூரில் கரும்புக்கு நடுவே உளுந்து போடுவார். உளுந்து லாபமா என்று யாராவது கேட்டால் கரும்பைக் காட்டுவார்.

இந்தத் தொழிலே அப்படிப் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுக் கிராமங்கள் வேகமாகக் காலியாயின. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், வீடுகள் இடிந்தன. நகரத்துத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை இருந்தது, விடுதிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. எமில் ஓபேர் என்கிற செனட்டர் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தார். விவசாயியிடம் சும்மா கிடக்கும் வீட்டைப் பழுதுபார்க்க உதவி கொடு, கோடையில் அவன் அதை வாடகைக்கு விடட்டும். 1951இல் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் முதல் ஜீத் திறந்தது. 1955இல் 'ஜீத் த பிரான்ஸ்' கூட்டமைப்பு வந்தது. அவர்கள் நட்சத்திரத்துக்குப் பதிலாகக் கோதுமைக் கதிர் கொடுத்துத் தரம் பிரித்தார்கள். இது யாருக்காக உண்டானது என்பது அந்தக் கதிரிலேயே இருக்கிறது. மாடும் வயலும் வீடும் ஏற்கெனவே உள்ளவனுக்குக் கூடுதலாக நாலு காசு. வீட்டையே கடனில் வாங்கி அந்தக் கடனை விருந்தாளி அடைப்பார் என்று எதிர்பார்ப்பது உளுந்து போட்டுக் கரும்பாலைக்கு மனுப்போடுகிற மாதிரி.

அடுத்து, மீதி மாதங்களில் எழுதுவது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள். ஒன்பது வருடத்தில் நான் எழுதி முடித்த நாவல் ஒன்றுகூட இல்லை. மூடிய பிறகு முதல் இரண்டு வாரம் தூங்குவோம். அக்டோபரில் அக்ரூட் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு புகைபோக்கி சுத்தம் செய்ய ஆள் வருவார். அவர் கொடுக்கும் ரசீதைக் காப்பீட்டுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். நவம்பர் முடிவதற்குள் விருந்தாளி அறைகளின் குழாய்களில் தண்ணீரை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். ஒரு வருடம் ஒரு குழாய் வளைவை மறந்துபோனோம், பிப்ரவரியில் கூடத்துக் கூரையிலிருந்து மழை பெய்தது. குளிர்காலத்தில் பரணில் லுவார் என்கிற கொழுத்த அணில்ஜாதி ஒன்று குடியேறித் தூங்கும், வசந்தத்தில் எழுந்து மின்கம்பியைக் கடிக்கும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, மரச் சன்னலுக்குப் பெயின்ட். மார்ச்சில் முன்பதிவுக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும்.

ஜாம் கதை இன்னும் மோசம். வீட்டில் செய்த ஜாம்தான் ஷாம்ப்ர் தோத்தின் மானம். ஸ்ட்ராபெரி ஜூனில், ஆப்ரிக்காட் ஜூலையில், பிளம் ஆகஸ்டில், அத்தி செப்டம்பரில். பழமும் விருந்தாளியும் ஒரே நேரத்தில்தான் வருவார்கள். இரவு பதினோரு மணிக்கு அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த என் மனைவியிடம் பெல்ஜியக்காரர் ஒருவர், "உங்களுக்கு என்ன நிம்மதியான வாழ்க்கை!" என்றார். அவள் கரண்டியை ஓங்கவில்லை.

தோசைக்கு வருகிறேன். காலையில் வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களுக்குக் காலை உணவு என்றால் இனிப்புதான். ரொட்டி, வெண்ணெய், ஜாம், ஒரு குருவாசான், கிண்ணத்தில் காப்பி. காலை எட்டு மணிக்குச் சட்னியின் மிளகாய் வாசனை பட்டால் அவர்கள் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் பாலாடைக்கட்டி, முட்டை, ஹாம் கேட்பார்கள், அவர்களில் சிலர் தோசையை ஒரு கை பார்த்தார்கள். பிரெஞ்சுக் குடும்பங்கள் மரியாதைக்கு ஒரு துண்டைக் கிள்ளி, ஜாம் தடவித் தின்றன.

அதே ஆட்கள் இரவில் வேறு மாதிரி. தாப்ல் தோத் என்று ஒன்று உண்டு. தங்கியிருப்பவர்களுக்கு மட்டும், ஒரே மேசையில், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. வெளியாளுக்குப் போடக் கூடாது, போட்டால் அது உணவகம். வாரத்தில் இரண்டு நாள் நாங்கள் வைத்தோம். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலிலிருந்து துவரம்பருப்பு மூட்டையாக வரும். தீர்ந்துபோனால் லு புயியின் பச்சை லான்தீய், நம் மைசூர்ப் பருப்பின் அண்ணன், சாம்பாருக்குக் குழையாது, ஆனால் கூட்டுக்கு அபாரம். ரசத்தை முதலில் சின்னக் கிண்ணத்தில் சூப்பாகக் கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். அறை காலியாக இருந்த ஜூன் மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது அந்த இரவுகள்தான். பழைய விருந்தாளிகள் அதற்காகவே திரும்பி வந்தார்கள்.

ஒரு நாள் விருந்தாளியைச் சீசனில் எடுக்காதீர்கள். ஒரு இரவு தங்கினாலும் ஏழு இரவு தங்கினாலும் அதே இரண்டு விரிப்பு, நாலு துண்டு, அதே குளியலறைத் துடைப்பு.

வீடு வாங்குமுன் ஒரே ஒரு காகிதத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கிராமத்தில் பாதாளச் சாக்கடை இருக்காது, செப்டிக் டேங்க்தான். விற்பவர் அதன் பரிசோதனை அறிக்கையைத் தர வேண்டும், அது மூன்று வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சரியில்லை என்று அதில் இருந்தால், வாங்கிய ஒரு வருடத்துக்குள் நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். எங்கள் வீடு கைமாறியது வாரிசாக என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. மாமியார் ஒருவர் மட்டும் தனியாக இருந்த வீடு. மூன்று அறையும் நிரம்பினால் எங்களோடு எட்டுப் பேர்.

ஆகஸ்ட் 14, சாயங்காலம். இரண்டாம் வருடம். முதலில் கீழ் அறைக் குளியல் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. பிறகு இறங்காதது மட்டுமில்லை, ஏறவும் ஆரம்பித்தது. மறுநாள் மாதா திருநாள், நாடே விடுமுறை. டேங்க் உறிஞ்சும் லாரிக்காரர்கள் மூன்று பேருக்கு அடித்தேன், மூன்று பேரும் பதிவுசெய்த குரலில் விடுமுறை வாழ்த்துச் சொன்னார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் வந்து இறங்கி, மூடியைத் தூக்கி, உள்ளே வெகுநேரம் பார்த்தார். "இதை வெட்டும்போது நான் இருந்தேன். ரெண்டு பேருக்கு வெட்டியது" என்றார். அன்று இரவும் மறுநாளும் எங்கள் விருந்தாளிகள் ஆறு பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வரிசையாக நடந்தார்கள். நான் மூன்று அறைக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். புதிய டேங்க், வடிகட்டும் மணல் படுகை, தோண்டிய தோட்டத்தைச் சரிசெய்தது எல்லாம் சேர்ந்து இரண்டு கோடை வரும்படி போய்விட்டது. உங்கள் எக்செல் தாளில் இதற்கு ஒரு வரி சேருங்கள்.

ஏன் நிறுத்தினோம் என்று கேட்டிருந்தீர்கள். நஷ்டத்தால் இல்லை. 2020 கோடையில் வெளிநாடு போக முடியாத பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் வந்தார்கள், அவ்வளவு நல்ல வருடம் அதற்கு முன் இல்லை. ஆதிமனிதர்கள் ஓவியம் தீட்டிய லாஸ்கோ குகை எங்களுக்குப் பக்கம். 1940இல் பையன்கள் கண்டுபிடித்தது, 1948இல் மக்களுக்குத் திறந்தது. பதினைந்தே வருடத்தில் பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெட ஆரம்பித்து, 1963இல் மூடினார்கள். இப்போது எல்லோரும் பார்ப்பது நகல். ஒவ்வொரு விருந்தாளிக்கும் காலை மேசையில் இதை நான் சொல்வேன். ஒன்பதாம் வருடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, எதிரே காப்பி ஊற்றிக்கொண்டிருந்த மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொல்லும் அதே வரி, அதே இடத்தில் நிறுத்தம், அதே சிரிப்பு. அன்று இரவு அவள், "நம்ம வீட்டிலே ராத்திரி சாப்பாட்டுக்கு நைட்டியோடு வந்து உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்றாள். அவளுக்கு முழங்கால் வலியும் ஆரம்பித்திருந்தது. அடுத்த வருடம் தளத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டோம்.

உங்களுக்கு என் யோசனை: கடன் வாங்காமல் கைக்கு அடங்குகிற சின்ன வீடாகப் பாருங்கள். வேலையை விடாதீர்கள். முதல் சில வருடம் ஜூலை, ஆகஸ்டில் மட்டும் ஜீத்தாக விட்டுப்பாருங்கள், தரச்சான்று வாங்கிக்கொண்டு. வீடு உங்களுக்குப் பழகும், ஊரும் பழகும். அப்புறமும் காலையில் முன்பின் தெரியாதவர்களுக்குக் காப்பி ஊற்ற ஆசை இருந்தால் ஷாம்ப்ர் தோத் தொடங்குங்கள். எழுதுவதைப் பொறுத்தவரை, துலூஸில் இருந்துகொண்டே எழுதுங்கள், அங்கே குழாய் உறையாது.

வீட்டைப் பார்க்கத் தாராளமாக வாருங்கள். அக்டோபர் முதல் வாரம் தோதான நேரம், அக்ரூட் பொறுக்கக் கை வேண்டும். கணவரையும் அழைத்து வாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று எங்கள் ரொட்டிக்கடைக்கு விடுமுறை, அடுத்த கடை ஒன்பது கிலோமீட்டர்.

அன்புடன்.