கால்களுக்கும் பழக்கம் வேண்டும்

கேள்வி: அக்கா, நாங்கள் ஆறு பேர் நண்பர்கள். அடுத்த மாதம் அனுமதி வாங்கி, குமரி மாவட்டத்துக் காளிகேசம் பக்கம் மலையேறப் போகிறோம். "சிறுத்தையோ கரடியோ எதிரே வந்தால் என்னடா செய்வாய்?" என்று அம்மா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
- கல்லூரி மாணவர், தக்கலை

அம்மா கேட்டது சரியான கேள்வி, தம்பி. பதில் தெரிந்துகொண்டே கிளம்புங்கள்.

நான் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 28 வருடம் பால்வெட்டினவள். விடியக்காலம் நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால்தான் வெயிலுக்கு முன்னால் சிரட்டை நிறையும். சிறுத்தையும் கரடியும் நடமாடுகிற நேரமும் அதுதான்.

ஒரு மே மாதம், சக்கை, அதாவது பலா, பழுத்து விழுகிற காலம். முந்தின இரவு மழை பெய்து தரை நனைந்திருந்ததால் எங்கள் காலடிச் சத்தமே கேட்கவில்லை. பத்தடி தூரத்தில், விழுந்த சக்கையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்த கரடி எங்களைக் கண்டதும் இரண்டு காலில் எழுந்து நின்றது. கரடிக்குக் கண் மங்கல், மூக்குதான் கூர்மை. யார் வந்திருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கத்தான் அப்படி நிற்கும். எனக்கு அது தெரிந்திருந்ததால் அசையாமல் நின்றேன். கூட வந்த அக்கா ஓடினார். மரவரிசைக்கு இடையில் வெட்டியிருந்த தட்டிலிருந்து கீழே விழுந்து அவர் மணிக்கட்டு முறிந்துபோனது. கரடி எதிர்ப்பக்கம் போய்விட்டது. அந்த வருடம் முழுக்க அந்த அக்காவால் கத்தி பிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

'ஓடக்கூடாது' என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். கால் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் நான் மலைக்குக் கூட்டிப்போகிற ஆட்களை, வண்டியை விட்டு இறங்கின இடத்திலேயே பழக்கிவிடுவேன். ஒருவர் திடீரென்று "நில்" என்பார். எல்லாரும் அப்படியே நின்று, தோளோடு தோள் சேர்ந்து, முதுகைக் காட்டாமல் பத்தடி பின்னால் வர வேண்டும். முதல் தடவை சிரிப்பும் இடியும்தான். ஐந்தாறு தடவை செய்த பிறகு கால் சொன்னபடி கேட்கும். நீங்களும் செய்யுங்கள். வெட்கப்படாதீர்கள்.

சிறுத்தை என்றால் குனியாதீர்கள், உட்காராதீர்கள். பையைத் தலைக்கு மேல் தூக்கி உங்களைப் பெரிதாகக் காட்டுங்கள், சத்தமாகப் பேசுங்கள். அது போக ஒரு வழி விட்டுப் பின்னால் நகருங்கள். குட்டியையோ பாதி தின்ற இரையையோ கண்டால் படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மரத்தில் ஏறித் தப்பலாம் என்ற நினைப்பே வேண்டாம், சிறுத்தையும் ஏறும், கரடியும் ஏறும்.

மேலே பாய்ந்துவிட்டால் இரண்டுக்கும் வழி வேறு. சிறுத்தை கழுத்தைத்தான் தேடும். பையைக் குறுக்கே கொடுத்து, கையில் கிடைத்ததால் அடித்துப் போராடுங்கள். கரடியோடு மல்லுக்கு நிற்க முடியாது. குப்புறப் படுத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்து, முகத்தைத் தரையோடு வைத்துக்கொள்ளுங்கள். அதன் நகம் முதலில் முகத்தைத்தான் கிழிக்கும்.

இதெல்லாம் கடைசிக் கட்டம். வளைவுகளிலும் ஓடைச் சத்தம் கேட்கிற இடங்களிலும் பேசிக்கொண்டு நடந்தாலே பெரும்பாலும் அவை முன்னாலேயே விலகிவிடும். காதில் ஹெட்போன் மாட்டாதீர்கள். அஞ்சு மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள்.

கேள்வி: பாதுகாப்புக்கு வெட்டுக்கத்தியும் பட்டாசும் கொண்டுபோகலாமா?
- வாசகர், குலசேகரம்

வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோவது குற்றம். பட்டாசுப் பொறி காய்ந்த புல்லில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகளை இழந்தோமே.

ஒரு கம்பு, விசில், நல்ல டார்ச், நீளமான துணி இரண்டு போதும். மேலே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எந்த வழி போகிறோம், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: 2023-இல் சிற்றாறு, பேச்சிப்பாறை பக்கம் ஆடு மாடுகளைப் புலி அடித்தது. இப்போதும் எனக்குப் பயம். எட்டு வயதுப் பேரனைக் காட்டுப்பாதையில் கூட்டிப்போகலாமா?
- பாட்டி, திருவட்டார்

அந்தப் புலியை ஜூலையிலேயே பிடித்து வண்டலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அம்மா. ஆனாலும் உங்கள் பயம் வீண் இல்லை. சிறுத்தை சின்ன உருவத்தைத்தான் குறிவைக்கும். அதனால் பேரன் முன்னாலும் ஓடக்கூடாது, பின்னாலும் தங்கக்கூடாது. பெரியவர்களுக்கு நடுவில், கை எட்டுகிற தூரத்தில் நடக்கட்டும். ஏதாவது கண்ணில் பட்டால் முதல் வேலை அவனைத் தூக்குவது. தூக்கும்போது கண்ணை விலங்கின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் விலங்கின் நகம் பட்டுவிட்டால், நகக்கீறல்தானே என்று மஞ்சள் பூசி விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வெறிநோய்த் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள்.