இத்தனூண்டு பாறைக்கும் நிலா இருக்குமா?

கேள்வி: சிறுகோள்களுக்கும் நிலா உண்டு என்கிறார்களே, அவ்வளவு சிறிய பாறைக்கு இன்னொன்றைப் பிடித்து வைக்க ஈர்ப்பு போதுமா?

தாராளமாகப் போதும். டிடிமோஸ் என்ற சிறுகோளின் குறுக்களவு முக்கால் கிலோமீட்டர்தான். அதையும் டிமார்ஃபாஸ் என்ற 150 மீட்டர் பாறை ஒன்று சுற்றி வருகிறது. ஈர்ப்பு குறைவு என்பதால் வேகமும் குறைவு: நொடிக்குச் சுமார் 17 செ.மீ., குழந்தை தவழ்கிற வேகம். சூரியன் இழுத்துக்கொண்டு போய்விடாதா என்று கேட்கலாம். அது இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இழுக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்வரை இவற்றின் பிடி விடுவதில்லை.

இப்படி ஒன்று உண்டு என்று முதலில் உறுதியானது ஐடா என்ற சிறுகோளில். 1993 ஆகஸ்டில் வியாழனுக்குப் போகும் வழியில் கலிலியோ விண்கலம் ஐடாவைப் படமெடுத்தது. படங்கள் பூமிக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன. 1994 பிப்ரவரியில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த கலிலியோ குழுவின் ஆன் ஹார்ச், ஓரத்தில் ஒரு புள்ளியைக் கவனித்தார். ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லாத அந்தப் புள்ளிதான் டாக்டைல். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கிட்டத்தட்ட 60 கி.மீ. நீளக் கரடுமுரடுப் பாறை, அதற்குத் துணையாக ஒரு பொடி உருண்டை.

ஆனால் இந்த நிலாக்களின் உண்மையான அருமை அழகில் இல்லை. ஒரு சிறுகோளின் எடையைத் தொலைவிலிருந்து அறிவது மிகக் கடினம். நிலா ஒன்று இருந்துவிட்டால், அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்று பார்த்தாலே கெப்ளர் விதி எடையைச் சொல்லிவிடும். அதைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. சில்வியா என்ற சிறுகோளுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்று இரண்டு நிலாக்கள். அவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் சில்வியாவின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுத்தான் கூடுதல். கெட்டிப் பாறை என்றால் இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்க வேண்டும். உள்ளே ஏராளமான வெற்றிடம் இருக்கிறது. ஒன்றாகக் குவிந்து கிடக்கும் கல்குவியல் அது. நிலா இல்லையென்றால் இதை அங்கே போகாமல் கண்டுபிடிப்பது மிகக் கடினமாக இருந்திருக்கும்.

நிலா எப்படி வந்தது என்பதற்கும் இந்தக் கல்குவியல்தான் விடை. பெரிய சிறுகோள்களில் மோதலில் தெறித்த துண்டுகள் திரும்பச் சேர்ந்து நிலாவாகியிருக்கலாம். சிறியவற்றில் சூரிய ஒளியே வேலை செய்கிறது. வெயிலில் சூடான பரப்பு வெப்பத்தை உமிழும்போது மிக மெல்லிய உந்தல் கிடைக்கும். வடிவம் ஒழுங்கற்றிருப்பதால் அது பல லட்சம் ஆண்டுகளில் சுழற்சியை முடுக்கிவிடும். இரண்டேகால் மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற அளவை நெருங்கினால் நடுக்கோட்டுக் கற்கள் கழன்று வெளியே போகும். பிறகு அவை சேர்ந்து நிலாவாகும் என்பதே இப்போது பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

டிமார்ஃபாஸ் மீது 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், அதன் பாதையை மாற்ற முடியுமா என்று பார்க்க, வேண்டுமென்றே மோதியது. 11 மணி 55 நிமிடமாக இருந்த சுற்றுக்காலம் அரைமணி நேரத்துக்கு மேல் குறைந்தது. டார்ட்டோ மோதலில் அழிந்துபோனது. டிமார்ஃபாஸின் எடையைத் துல்லியமாக அளக்க ஆளில்லை. அதற்காகவே ஐரோப்பாவின் ஹேரா விண்கலம் 2024 அக்டோபரில் கிளம்பியது.