புயல் நேரத்தில் வெளியூர் மின் ஊழியர்கள் வந்தால் உள்ளூர் தொழிற்சங்கங்கள் தடுக்குமா?

நான் பார்த்தவரை தடுக்கவில்லை. இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சுருக்கென்றது, அதனால் கொஞ்சம் நீளும்.

சங்கத்தில் இல்லாத மின் ஊழியர்களை அமெரிக்காவில் திருப்பி அனுப்பினார்கள் என்று கேள்வியோடு ஒரு கதையும் எழுதியிருந்தீர்கள், அது வாட்ஸப்பில்தான் உங்களுக்கு வந்திருக்கும். 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் அடித்தபோது கிளம்பியது அது. அலபாமா மாநிலத்து டிகேட்டர் நகர மின்துறை ஆட்கள் நியூ ஜெர்சிக்கு உதவப் போனார்களாம், சங்கத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஓரிரு நாளிலேயே அந்த மின்துறையின் மேலாளர் விளக்கம் கொடுத்துவிட்டார். அவர்கள் நியூ ஜெர்சிக்குப் போகவே இல்லை, வர்ஜீனியாவில் காத்திருந்தார்கள். சங்கம் பற்றிய ஒரு தாள் கைக்கு வந்ததில், அதற்கு ஒத்துக்கொண்டால்தான் வேலை என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். அப்படி எதுவும் கேட்கவில்லை என்று சங்கமும் மறுத்தது. ஆனால் மறுப்பை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்?

இனி நம்ம ஊர். நான் ஈரோட்டுப் பக்கம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்தன. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை நான்கு மாவட்டத்திலும் இருந்த ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு அதை நிமிர்த்தவே முடியாது. மற்ற மாவட்டங்களிலிருந்து எங்களைப் போன்றவர்களை அனுப்பினார்கள். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் கேங்குக்கு விழுந்தது பேராவூரணிப் பக்கம். தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்து, எது மரம், எது போஸ்ட், எது கம்பி என்றே தெரியாமல் பின்னிக் கிடந்தது.

அங்கே ஒரு நாள் காலையில் கேரள ஆட்கள் சிலர் டிரான்ஸ்பார்மர் அடியில் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்களுக்குக் கோபம். குடிக்கத் தண்ணீர் இல்லை, மோட்டார் ஓடவில்லை, இவர்கள் பீடி பிடித்துக்கொண்டு இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "உள்ளூர் சங்கம் வேலை செய்ய விடமாட்டேங்குதாம்" என்று ஒருவர் சொன்னார். டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அவர்கள் காத்திருந்தது லைன் கிளியருக்கு (எல்.சி.), அதாவது லைனில் கரண்டை நிறுத்தியாகிவிட்டது, வேலை செய்யலாம் என்ற அனுமதிக்கு. வெளியூர்க்காரன் தன் பெயரில் எல்.சி. வாங்க முடியாது. அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் துணை மின் நிலையத்தில் சொல்லி வாங்கி, எந்த ஏபி சுவிட்ச் (கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்திருக்கிறது என்று நேரில் காட்டி, லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் யாரும் மேலே ஏறலாம். உள்ளூர் ஒயர்மேன் பையனோ பக்கத்து ஊரில் இன்னொரு கேங்கோடு மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக் கூரையும் பறந்துவிட்டது என்று பிறகுதான் தெரியும்.

வந்ததும் அவன் எங்களை முதலில் தோப்புக்குள் கூட்டிப் போனான். "அண்ணே, இது வேற பீடர்லேர்ந்து வருது. பேப்பர்ல இருக்காது" என்று ஒரு கிளை லைனைக் காட்டினான். பீடர் என்றால் துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் லைன். அவன் சொல்லாவிட்டால் அது எங்கள் கண்ணில் பட்டிருக்காது. அதையும் ஆஃப் செய்யச் சொல்லி, ராடை லைனில் மாட்டியதும் படீரென்று ஒரு பொறி. தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம், வீடு இழந்தவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். அங்கே ஓடிய ஜெனரேட்டர் சத்தம் திணறி நின்றது. மெயினை ஆஃப் செய்யாமலே வயரிங்கில் இணைத்திருக்கிறார்கள். அந்தக் கரண்ட் டிரான்ஸ்பார்மருக்குள் எதிர்ப்பக்கமாக ஏறி, 11,000 வோல்ட் லைனையே உயிரோடு வைத்திருந்தது. கேரள போர்மேன் ஒன்றும் பேசவில்லை, தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அவர் ஆட்கள் காலையிலேயே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்று ராத்திரி அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படுக்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்தவர் உள்ளூர் சங்கத்துப் பொறுப்பாளர்தான். அந்தக் கேரளக்காரர்களும் அவர்கள் ஊரில் சங்கத்தில் இருப்பவர்கள்தான், நம்மைவிடக் கறாராக.

"சங்கத்துக்காரன் சங்கத்தைத்தான் தூக்கிப் பேசுவான்" என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். சந்தா கட்டியவன்தான், மறைக்கவில்லை. சங்கங்கள் எல்லாம் யோக்கியம் என்றும் சொல்லவில்லை. எந்த ஊருக்கு யார் போவது என்ற பட்டியலில் வேண்டியவன் பெயர் விடுபடும், வேண்டாதவன் பெயர் முதலில் வரும். அதை நானே பார்த்திருக்கிறேன்.

உண்மையான புகைச்சல் வெளியூர்க்காரர்கள் மேல் இல்லை, ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில். சேற்றில் குழி தோண்டி போஸ்ட்டைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள். நாள் கூலி 380 ரூபாய் என்று அந்த வருடம் பிப்ரவரியில்தான் பேசி முடித்திருந்தார்கள். அதை அமல்படுத்தச் சொல்லி அதற்கப்புறமும் போராட வேண்டியிருந்தது. புயலில் உழைத்தால் வேலை நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் வந்த பையன்கள் எங்கள் கேங்கிலேயே இருந்தார்கள். குழி தோண்டி கம்பம் நடுகிற கேங்மேன் வேலைக்கு மின்வாரியம் ஆள் எடுத்தபோது, வருடக்கணக்காக உழைத்தவர்களை விட்டுவிட்டுப் புதிதாக எடுப்பதா என்று சங்கங்கள் நீதிமன்றத்துக்குப் போனதும் இதனால்தான். சங்கம் புயல் வேலையைத் தடுத்ததா என்று கேட்பவர்கள், இந்தப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பதில்லை.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு எங்கே சொல்வது? ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் கரண்ட் போனால் இன்னும் என் பெயரைத்தான் டேக் செய்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு "அண்ணா, எப்ப வரும்?" ஏசி மட்டும் வீட்டுக்கு மூன்று போடுவார்கள், லோடு கூட்ட விண்ணப்பம் கொடுக்கச் சொன்னால் பதிலே வராது. போன வாரம் குழுவிலிருந்து வெளியேறினேன். மறுநாள் காலையில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.